கூடு இல்லை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக சிவராமன் மனைவியை எழுப்பிவிட்டான்.

"லேகா, எந்திரி. இன்னிக்கு நீயும் வர்ற. ஆலாப் பறவைங்க முட்டை போட்டிருக்கு. நேத்து பதினேழு பாத்தேன்."

"எங்கங்க?" என்றாள் சந்திரலேகா கண்ணைத் திறக்காமலே.

"காரைக்கால்மேடு தாண்டி, மணல் திட்டுல."

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

வங்கி ஊழியனான சிவராமனுக்கு இரண்டே பைத்தியங்கள்: ஒன்று அவள், மற்றொன்று கடற்கரைப் பறவைகள். யார் முதலில் என்று கேட்டால், "அது சீசனைப் பொறுத்தது" என்பான். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அவளுக்கு அந்தப் பதில் அலுக்கவில்லை.

அவள் இளநிலைப் பொறியாளர். மீன்பிடித் துறைமுக வாயில் தூர்வாரும் மணலை அந்தத் திட்டில் கொட்டலாமா என்று பத்து நாள் முன்பு பார்வையிட்டு அறிக்கை தந்தவள் அவள்தான். 'பறவைக் கூடுகள் உள்ளனவா?' என்று படிவம் கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திருமலைராயன்பட்டினத்தில் தோழி வீட்டுக் கல்யாண விருந்துக்கு அன்று நேரமாகிக்கொண்டிருந்தது. நாளைக் காலை லாரிகள் வருகின்றன. வீட்டில் இதைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.

பைக்கை நிறுத்திவிட்டு இருவரும் மணலில் இறங்கியபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, ஆபீசரம்மா! வீட்டுக்காரரா? வாங்க தம்பி." பிறகு சிரித்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "அன்னிக்கு வந்து 'இங்க பறவை கூடு கட்டுதா'ன்னு கேட்டாங்க. ஆலாவுக்கு ஏதும்மா கூடு, வெறும் மணல்லயே முட்டை போட்டுட்டு உக்காந்துக்கும், பாத்து கால வைங்கன்னேன். 'கூடு இல்லல்ல, அது போதும்'னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. படிச்சவங்க கேள்வியே தனி தினுசு!"

சிவராமன் சிரிக்கவில்லை. "என்ன எழுதினே லேகா?"

சொன்னாள். லாரியைப் பற்றியும் சொன்னாள்.

"முட்டை போடும்னு இவங்க சொன்னது காதுல விழுந்துச்சா?"

கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"விழுந்துச்சு."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவனோ கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். பேச்சு வராதபோது அவன் செய்கிற காரியம் அது.

அவள் அங்கேயே நின்று செயற்பொறியாளர் அம்பலவாணனைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"நீங்கதானேம்மா கூடு இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"கூடு இல்லை சார். முட்டை இருக்கு. எனக்கு அப்பவே தெரியும்."

அப்போதே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"ஆமா சார்."

"லாரிய நிறுத்தச் சொல்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க. இதை எழுத்துல கொண்டுவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செல்வம்மாளின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "ஐயோ, நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். கோச்சுக்காதீங்கம்மா."

தன்னிடம் போய் அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கிறாளே! சந்திரலேகாவுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

திட்டின் ஓரம் வந்ததும் ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. அவள் காலிலிருந்து நாலு முழத்தில் இரண்டு முட்டைகள், மணலோடு மணலாக, புள்ளி புள்ளியாகக் கிடந்தன. அன்று இந்த வழியாகத்தான் குடை பிடித்துக்கொண்டு நடந்திருந்தாள்.

"பின்னால வா" என்றான் சிவராமன். "நாம நிக்கிற வரைக்கும் அது இறங்காது. வெயில் ஏறினா முட்டை வெந்துடும்."

மணலில் நடக்கும்போது எப்போதும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறவன் இன்று பிடிக்கவில்லை. தான் பதித்த தடங்களிலேயே கால் வைத்து அவள் பின்வாங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆலா இறங்கியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. சிவராமன் அதைப் பார்த்துவிட்டு, திரும்பாமலே பைனாகுலரை அவள் பக்கம் நீட்டினான்.

"பாரு."

அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாங்க."