லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல்

"என்னா வாப்பா இது?"

"உன் மார்க் லிஸ்ட்தான் புள்ள. காலையில வந்துச்சு. இனிமே மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது, பாரு."

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது, மகள் அஃப்னாவிடம் அதை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார். கெட்டி பிளாஸ்டிக்குக்குள் அது பளபளத்தது. பக்கத்து நகல் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கியிருந்தார்.

அஃப்னா அதைத் தொடவில்லை.

"கவர் எங்க?"

"எந்தக் கவரு?"

"இது இருந்த கவர் வாப்பா. பின்னால முத்திரை குத்தியிருக்கும்."

"அதக் கிழிச்சுத்தானே எடுத்தேன்."

"பிரிக்கக் கூடாதுன்னு பெருசா போட்டிருக்குமே!"

"கூரியர் பையில நம்ம கடைப் பேரு போட்டிருந்துச்சு. உள்ள முத்திரை வச்சு ஒரு கவரு. முத்திரை இருந்தா முக்கியமான சரக்கு. சரியா வந்திருக்கான்னு பாக்க வேணாமா? உன் பேரு, பொறந்த தேதி எல்லாம் கரெக்டா இருக்கு லா."

சூரத்திலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும், கொண்டு வந்தவர் நிற்கும்போதே பார்சலை அறுத்துப் பார்த்துவிட வேண்டும். சேலையில் ஒரு கறை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். மறுநாள் சொன்னால் எவனும் கேட்க மாட்டான். முப்பது வருடங்களாக அந்தக் கடையின் வழக்கம் அது. கடை முகவரியைக் கொடுத்ததும் அஃப்னாதான். பொங்கோல் வீட்டில் பகலில் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இல்லை.

செலிகி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் இரண்டு வருடம் லிபரல் ஆர்ட்ஸ் படித்து முடித்திருந்தாள். தத்துவம், வரலாறு, இலக்கியம், சமூகவியல் எல்லாம் கலந்த படிப்பு. அதில் தேறியவர்களைப் பல்கலைக்கழகம் ஒன்று நேராக மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும். கல்லூரி முத்திரையிட்டு அனுப்பும் மதிப்பெண் பட்டியலை மாணவர் பிரிக்காமல் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் இன்று, ஐந்து மணிக்குள். இரண்டு கல்விக்கூடங்களுக்கும் இடையிலான அந்த ஏற்பாடும் இந்த வருடத்தோடு முடிகிறது.

அவள் கல்லூரிக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓகே, தேங்க் யூ," என்று வைத்தாள்.

"என்னா சொல்றாங்க?"

"புதுசு வர நாலு வாரமாம்."

"யூனிவர்சிட்டியில நான் வந்து பேசறேன். அங்க இருக்கிறவங்களும் மனுஷங்கதானே?"

ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மடியில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நெய்னா முகம்மது அதன் ஓரங்களைத் தடவிக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் போனதும் அஃப்னா கேட்டாள்.

"வாப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"வேணும்னே பிரிச்சீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கவுண்டன்சி படி, கடைக்கும் ஆவும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தீங்க. அதான் கேட்டேன்."

"கேட்டுட்டியே புள்ள."

அவர் பட்டியலைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

சேர்க்கை அலுவலகத்தில் இருந்த பெண்ணின் சட்டையில் உமாமகேஸ்வரி என்று பெயர் அட்டை இருந்தது. நெய்னா முகம்மதுக்கு முகம் தெளிந்தது.

"தமிழாம்மா? நல்லதாப் போச்சு. தப்பு என்மேலதான். புள்ள பிரிக்கல, நான் பிரிச்சேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

உமாமகேஸ்வரி பட்டியலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல எழும்பி நிக்கிற முத்திரை ஒண்ணு இருக்கணும். தடவிப் பாத்துத்தான் ஒரிஜினலான்னு சொல்வோம். இப்ப பிளாஸ்டிக்தான் கைக்குப் படுது."

"பிளாஸ்டிக்க வெட்டி எடுத்துடலாம்மா."

"எடுத்தா பேப்பரும் சேந்து வந்துரும். எடுத்தாலும், பிரிச்ச கவர நாங்க வாங்க முடியாது. உள்ள யார் வேணும்னாலும் மார்க்க மாத்தியிருக்கலாம் இல்ல?"

"என் மவ அப்படி செய்ய மாட்டா."

"நான் நம்பறேன் அங்கிள். ரூல் நம்பாது."

"கொஞ்சம் மேல கேட்டுப் பாக்கறீங்களா, ப்ளீஸ்?" என்றாள் அஃப்னா.

உமாமகேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே முகத்தைப் பார்த்து அஃப்னாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஸாரிம்மா. நேரா மூணாம் வருஷத்துக்கு டிரான்ஸ்ஃபர் முடியாது. ஆனா நீங்க ஸ்கூல்ல எழுதின ஓ லெவல், ஏ லெவல் மார்க் எல்லாம் எங்க சிஸ்டத்துலயே இருக்கு. அத வச்சு முதல் வருஷத்துக்குச் சேத்துக்கலாம். அதுக்கும் இன்னிக்குத்தான் கடைசி."

"முதல்ல இருந்தா?"

"ஆமா. படிச்ச பாடம் ஒண்ணும் கணக்குல வராது."

"ரெண்டு வருஷம் வாப்பா," என்றாள் அஃப்னா, மேசையைப் பார்த்துக்கொண்டு.

நெய்னா முகம்மது பட்டியலை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சேர்றேன்," என்றாள் கடைசியில்.

"அப்ப இந்தப் பாரத்துல நீங்க நிரப்பின டிரான்ஸ்ஃபர் பகுதிய அடிச்சிடணும். பாடத்துக்கு ஒண்ணுன்னு இருக்கிற பதினாறு வரியையும் தனித்தனியா அடிச்சு, பக்கத்துல சின்னதா கையெழுத்து வேணும்."

அஃப்னா பேனாவை எடுத்தாள். முதல் வரியை அடித்தாள்.

"இது என்னா படிப்பு?" என்று கேட்டார் நெய்னா முகம்மது. இரண்டு வருடத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"தத்துவம்."

"அதுல என்னா சொல்லித் தருவாங்க?"

"ஒண்ண நம்பறதுக்கு முன்னால என்ன கேக்கணும்னு."

இரண்டாவது வரியை அடித்தாள்.

"இது?"

"தென்கிழக்கு ஆசிய வரலாறு. நம்ம ஆளுங்க கப்பல்ல வந்து யாவாரம் பண்ணது எல்லாம் அதுலதான் வரும்."

"நம்ம ஆளுங்களா? பாடத்துலயா?"

"ஆமா."

"வீட்டுல சொன்னதே இல்லையே நீ."

"நீங்க எப்ப கேட்டீங்க?"

உமாமகேஸ்வரி கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அஃப்னா அடித்துக்கொண்டே போனாள். ஆறாவது, ஏழாவது. ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் கேட்டார். பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. பத்தாவதுக்குப் பெயரை மட்டும் சொன்னாள். பதின்மூன்றாவதுக்கு அதுவும் சொல்லவில்லை.

கடைசி வரியில் அவர் விரலை வைத்தார். அடிக்கவிடாமல் வைத்தது போலவும் இருந்தது.

"இது என்னா புள்ள?"

"மறந்துடுச்சு வாப்பா. கைய எடுங்க."

அவர் கையை எடுத்தார்.