தடையில்லை என்றவர்கள்

றோகான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். செய்து முடித்த பிறகு, செய்தது சரிதானா என்று நாள்கணக்கில் மனதைப் போட்டு உழப்புகிறவனும் அவன்தான். சபையார் எல்லாரையும் வீடு வீடாகப் போய்ச் சந்திப்பது என்று முடிவெடுத்தபோது, ஒருவரும் விடுபடக் கூடாதென்று தேவாலயத்தில் அவர்கள் உட்காரும் வாங்குகளின் வரிசையிலேயே போனான். முன் வாங்குக் குடும்பத்தில் தொடங்கி, வாசலோரம் உட்காரும் தியாகராசா மாஸ்ரர் வரைக்கும்.

விஷயம் மிரியத்தைப் பற்றியது. கொடிகாமம் சந்தைக்குப் பின்புறம் இருக்கும் அந்தச் சின்னத் தேவாலயத்தில்தான் அவள் ஞானஸ்நானம் பெற்றாள். அப்போது வேறு பெயர், ஆண்பிள்ளை. ஞாயிறு பள்ளியில் றோகானுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணம் டவுனில் ஓர் அறை எடுத்துத் தையல் வேலை பார்த்தாள். சபைப் பக்கம் வரவில்லை. போன வருடம் தாய் இறந்தபோது மதிலுக்கு வெளியே நின்றுதான் அடக்க ஆராதனையைக் கேட்டாள்.

"அம்மா முழந்தாளிட்ட இடத்திலை நானும் ஒருக்கால் முழந்தாளிட்டுத் திருவிருந்து எடுக்கவேணும், றோகான்," என்றாள். "ஒரேயொருக்கால். அதுக்கும் விடாயினமெண்டால் நான் இனி உந்தப் பக்கமே வரமாட்டன். ஆண்டவரையும் கூப்பிடமாட்டன்."

போதகர் மறுக்கவில்லை. "சபை சம்மதிச்சால் குடுப்பன் தம்பி. சபை இல்லாட்டி நான் ஆர்?" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு வீட்டிலும் றோகான் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். மிரியமக்கா வந்தால் உங்களுக்கு ஏதும் தடை இருக்கோ?

ஒருவருக்கும் தடை இல்லை. "எங்களுக்கென்ன தம்பி தடை?" என்றார்கள். மிரியத்தின் தாயோடு ஒரே வாங்கில் இருந்த சீலா அன்ரி கேக் வெட்டித் தந்து, "பிள்ளை வரட்டும். அவளைத் தூக்கி வைச்சிருந்த கை இது," என்றார். தியாகராசா மாஸ்ரர் சிரித்தார். "நான் கடைசி வாங்கு. முன்னாலை என்ன நடந்தாலும் எனக்குத் தெரியிறது மண்டையள்தான்."

சந்தோஷப்பட வேண்டிய றோகானுக்கு அது ஏனோ முடியவில்லை. ஒரு வீட்டிலும் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்றுகூட விசாரிக்கவில்லை. அவன் படலையைத் திறக்க முன்னமே தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார்கள். அவன் வருவான் என்பதும், என்ன கேட்பான் என்பதும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவனுக்கு முன்னால் வீடு வீடாகப் போயிருந்தன.

நல்லூரில் அவன் படிக்கும் உளவளத்துணை மாலை வகுப்பில் பக்கத்துக் கதிரை ஜிஹானாவுடையது. அவளிடம் சொன்னான்.

"எல்லாரும் ஓம் எண்டவையோ?"

"ஓம். ஒருத்தர் விடாமல்."

ஜிஹானா பேனையை மூடினாள். "எங்கடை முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து வெளியேத்தி, பிறகு நாங்கள் புத்தளத்திலையிருந்து திரும்பி வரேக்கையும் ஒருத்தரும் வராதேங்கோ எண்டு சொல்லேல்லை. நல்லாச் சிரிச்சுக் கதைச்சவை. வாடகைக்கு வீடு தரத்தான் ஆளில்லை."

"இது அப்பிடியில்லை."

"இல்லாட்டில் நல்லது," என்றாள். பேனையைத் திரும்பவும் திறந்தாள்.

சனிக்கிழமை றோகான் தேவாலயம் கூட்டப் போனபோது தியாகராசா மாஸ்ரர் சைக்கிளை நிறுத்தினார். "நாளைக்குச் சனம் நிறைய வரும் தம்பி. நத்தார் பெருநாளுக்கு மட்டும் வாறவையும் வருவினம்."

"ஏன் மாஸ்ரர்?"

அவர் பெடலில் காலை வைத்தார். "வருவினம்."

வந்தார்கள். கார்த்திகை மாத மேகம் காலையிலேயே இறங்கி, உள்ளே லைற் போட வேண்டியிருந்தது. வாங்கெல்லாம் நிறைந்தும் கதைக்கும் சத்தம் இல்லை; பிள்ளைகள்கூட அழவில்லை. மிரியம் கருநீலச் சேலையில் வந்து றோகானோடு தாயின் வாங்கில் உட்கார்ந்தாள். அதில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளி இடம் விட்டார்கள். தேவைக்கு மேல் விட்டார்கள்.

பிரசங்கம் முடிந்து போதகர் திருவிருந்துக்கு அழைத்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பீடத்துக்கு முன்னாலுள்ள மரக் கிராதி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஆட்களால் நிறைந்த பிறகுதான் போதகர் அப்பத்தை எடுப்பார். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. இடைவெளி விட்டு ஆரம்பித்ததை அங்கே ஒருவரும் கண்டதில்லை.

மிரியம் எழுந்து போய் முழந்தாளிட்டாள். றோகான் அவளுக்குப் பக்கத்தில். வேறு ஒருவரும் எழும்பவில்லை.

போதகர் காத்திருந்தார். கீபோட் வாசிக்கும் பெண் பாட்டை மறுபடி தொடங்கினாள். பாட ஆளில்லாமல் அதுவும் நின்றது. றோகானின் முதுகு கூசியது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. இனி எப்போதும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம். அவன் கேட்டது தடை இருக்கிறதா என்றுதான். அவளுக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிடுவீர்களா என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. கேட்கப் பயந்துதான் அந்தக் கேள்வியை விட்டானோ என்று இப்போது சந்தேகம் வந்தது.

போதகர் அப்பத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியில் கையை வைத்தபடி அவனைப் பார்த்தார். எழும்பிப் போங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது.

றோகான் எழுந்து சபையின் பக்கம் திரும்பினான். "சீலா அன்ரி," என்றான். "வந்து மிரியமக்காவுக்குப் பக்கத்திலை முழந்தாளிடுவியளோ?"

எல்லாத் தலையும் சீலாவின் பக்கம் திரும்பின.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி."

"நிண்டும் எடுக்கலாம் அன்ரி."

அவர் மடியிலிருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கணவர் அவருடைய கையைப் பிடித்தார்.

மிரியம் திரும்பாமலே சொன்னாள்: "விடு றோகான். ஆக்களைக் கெஞ்சாதை. ஐயா, நான் எழும்பமாட்டன். நீங்கள் தாறதெண்டால் தாங்கோ. இல்லாட்டி இப்பிடியே இருப்பன்."

வெளியே மழை தொடங்கியது. போதகரின் கை துணியிலேயே இருந்தது. பிறகு துணி விலகியது.

அப்பத்தை அவர் பிட்ட சத்தத்தோடு, பின்னால் ஒரு வாங்கு உரசியது. அடுத்து இன்னொன்று. மறுபடி மிரியத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த றோகான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கதவு வழியாகக் காலடிகள் அவசரமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன.

மிரியம் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள். கிண்ணத்திலும் குடித்தாள். அவள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. சீலா அன்ரி மிரியத்தின் மறுபக்கத்தில் வந்து, கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் கூட வரவில்லை.

போதகர் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து நீட்டினார். சீலா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடித்தார். மிரியத்தோடு ஒரு சொல் பேசாமல், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவரும் வெளியே போனார்.

ஆசீர்வாதம் வெற்று வாங்குகளுக்கு மேல் சொல்லப்பட்டது.

வாசலுக்கு வந்தபோது றோகான் நின்றுவிட்டான். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மழைக்குள் குடை பிடித்தபடி, படலைவரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சில இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளை உருட்டிவந்து படலைக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அப்போதும் யாரும் கதைக்கவில்லை. தியாகராசா மாஸ்ரர் இவர்களைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

"பின்கதவாலை போவம் அக்கா," என்றான் றோகான்.

"பின்கதவாலை போறதுக்கே நான் வந்தனான்?" மிரியம் செருப்பை மாட்டினாள். "எடுக்க வந்ததை எடுத்திட்டன். இனி வாறது வரட்டும். நீ பயமெண்டால் நில்."

"பயம்தான்," என்று சொல்லிக்கொண்டே அவன் குடையை விரித்தான். இருவரும் படியிறங்கி நடந்தார்கள்.