அத்தான் மாட்டிய சென்சார்

எங்கள் அத்தானுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு ஒன்றும் தெரியாது என்பது. செருப்பின் அடிப்பாகம் வெட்டும் ஆலையில் அவர் மேற்பார்வையாளர். அங்கேயே நான் எலக்ட்ரீஷியன். வெட்டும் பிரஸ்ஸுக்குள் ரப்பர் ஷீட்டை நகர்த்தி வைப்பவள் என் அக்கா, அதாவது அவர் மனைவி.

நான் லீவு முடிந்து வந்தபோது பிரஸ்ஸின் வாயருகே கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் முளைத்திருந்தது. அவரே வாங்கி, அவரே மாட்டியதாம். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்றிருந்த பட்டன்களைக் கழற்றிவிட்டார். பிரஸ் இப்போது தானாக ஏறி இறங்கியது.

"தொடவே வேணாம். கை கிட்ட வந்தாலே நின்னுடும்" என்று எல்லோர் முன்னாலும் கையை நீட்டினார். சென்சாரில் விளக்கு எரிந்தது, பிரஸ் நின்றது. நாலு பேர் கைதட்டினார்கள். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

நான் குனிந்து சென்சாரைப் பார்த்தேன். "அத்தான், அது உங்க கையைப் பாக்கல. மோதிரத்தைப் பாத்துச்சு."

அந்த வகை சென்சார் தன் மூக்கு நுனியில் சின்னக் காந்தப்புலத்தை வைத்திருக்கும். உலோகம் வந்தால் மட்டும் முழிக்கும். சதையும் எலும்பும் அதற்குக் காற்று மாதிரி. பிரஸ்ஸில் நிற்பவர்கள் வளையல்கூடப் போடக் கூடாது என்பதோ இவரே போட்ட சட்டம். கையையும் கண்டுபிடிக்கும் இன்னொரு வகை உண்டு, ஆனால் அது ரப்பர் ஷீட் உள்ளே கிடந்தாலே நின்றுவிடும். இங்கே வேண்டியது வாய் முழுக்க ஒளிக்கதிர் வரிசை; எது குறுக்கே வந்தாலும் நிற்கும், ஷீட்டை முழுக்க உள்ளே வைத்துக் கையை எடுத்த பிறகுதான் இறங்கும். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"சென்சார்னா எல்லாம் சென்சார்தான்" என்றார் அந்த மகா மேதை.

ஈரத்துணி திணித்த கையுறையைக் குச்சியில் கட்டி உள்ளே நீட்டினேன். விளக்கு எரியவில்லை. பிரஸ் இறங்கியது. கையுறையின் நாலு விரலும் தனியாகக் கிடந்தன.

"துணியும் கையும் ஒண்ணா?" என்றார். மனிதருக்கு வெட்கம் என்பதே கிடையாது.

"சரி, மோதிரத்தைக் கழட்டிட்டு உங்க கையை வைங்க."

கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. "எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு."

அக்கா முன்னால் வந்தாள். பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து இதுல என் கைதான் போயிட்டு வந்துச்சு" என்றாள்.