வெயிலில் காய்ந்த என்ஜின் மூடி

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன். திருவாலங்காட்டுச் சிவன்மேல் சொல்கிறேன். அதுவும் போதாதென்றால் ஆபரேஷன் செய்த என் வலது கண்மேல் சொல்கிறேன். [இடது கண்ணை இதில் இழுக்க விருப்பமில்லை. பார்வை அதில்தான் இருக்கிறது.]

கதை பிறந்த இடம் பழவேற்காடு, கலியனின் கருமாதிப் பந்தி. இலையில் வடை விழுந்த நேரம், அவன் மனைவி கன்னியம்மா எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சடையண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கி நான் அந்த மூடிய வெயில்ல வெக்காம இருந்தா, அவருக்கு வேல கெடச்சிருக்குமா?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். வடையைத் தின்றேன். யோசிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதிப் பார்ப்பது.

2

முதல் தொடக்கம்: 'எழுபத்து மூன்றாம் வருஷத்து மாசி மாதம், பொன்னாய் மின்னிய ஏரியில்...' அடித்துவிட்டேன். அந்த வருஷம் ஏரியில் பொன்னும் இல்லை, இறாலும் இல்லை. கலியன் வலையை விட்டதே அதனால்தான். ராயபுரத்தில் ஒரு படகுக் கொட்டகையில் இரண்டு வருஷம் ஃபைபர் கிளாஸ் வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

இரண்டாம் தொடக்கம்: 'ராஜமாணிக்கம் ஒரு கொடியவன்...' இதையும் அடித்தேன். ராஜமாணிக்கம் என் பள்ளித் தோழன். சினிமாவில் நாய் செத்தால்கூட அழுவான். இப்படிப்பட்டவனைக் கொடியவனாக்கினால் கதை எழுதுவது சுலபம்; அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

திருவள்ளூர் பக்கம் அவனுக்கு நிலம் ஏராளம். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்தான். நடுவில் ஓர் ஆசை. பம்பாயில் ஒருவரிடமிருந்து, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய பந்தயக் கார் ஒன்றைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தான். கவரைப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அதைப் பாகம் பாகமாகப் பூட்டினோம். பின்பக்கம் என்ஜின். அது உறுமிய உறுமலில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டர், வராத ரயிலுக்கு இரண்டு தரம் கொடி காட்டினார்.

குறை ஒன்றே: என்ஜினுக்கு மூடி இல்லை. சோழவரம் பந்தயத்தில் ஓடப்போவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கலியனைக் கூப்பிட்டனுப்பினான்.

"ஞாயித்துக்கெழமக்குள்ள மூடி வண்டில ஒக்காரணும் கலியா. ஒக்காந்துதுன்னா ஃபேக்டரில மொத ஆளு நீதான். பர்மனென்ட்டு."

"மெய்யாலுமா மொதலாளி?"

"சடையன் சாட்சி."

நான் தலையாட்டினேன்.

"வண்டிய ஒரு தபா பாத்துட்டா..."

"பந்தய வண்டிய யாரும் காட்ட மாட்டாங்கய்யா. சடையன் அளவு எழுதிக் குடுப்பான்."

எழுதிக் கொடுத்தேன். நீளம் மூன்றே காலடி, அகலம் இரண்டரை, நடுவில் கார்புரேட்டருக்காக மாட்டுத் திமில்போல ஒரு மேடு.

3

[இந்தப் பகுதியில் கலியனைக் கலைஞன் என்று எழுத ஆசை வந்தது. அவன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். அவனுக்கு வேண்டியது மாதச் சம்பளமும், ஃபேக்டரி அட்டையில் பெயரும்.]

வீட்டுக்குப் பின்னால் களிமண்ணில் மூடியின் வடிவத்தை வைத்தான். வழவழப்பாக்கி மெழுகு தேய்த்தான். அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, மறுபடி பாய், மறுபடி ரெசின். நார் காற்றில் பறந்து தெருவே சொறிந்தது. ஏழு வீட்டுக் கோழிகள் சொறிந்துகொண்டே முட்டையிட்டன. ஒரு காக்கை ஈர ரெசினில் உட்கார்ந்து, ஒரு நகத்தை அதிலேயே விட்டுவிட்டுப் பறந்தது.

சனிக்கிழமை காலை, மூடியை அச்சோடு நிழலில் விட்டுவிட்டுச் சிவப்புப் பெயின்ட் வாங்க மீஞ்சூர் போனான். ரெசின் நிழலிலேயே இறுக வேண்டும், மறுநாள்தான் அச்சைவிட்டு எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது தெரியவில்லை.

கன்னியம்மா தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டியது. இருபது வருஷமாகக் கருவாடு போட்ட கை அது. ஈரமாக இருப்பதை நிழலில் விட்டுவைத்தால் கெட்டுப்போகும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த சட்டம். மெல்ல மூடியை உரித்தெடுத்தாள். சுடுமணலில் போட்டாள். உச்சி வேளையில் ஒரு தரம் திருப்பியும் போட்டாள்.

கலியன் திரும்பியபோது, வாளைக் கருவாடுபோல ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி பண்ணி வெச்சிகிற?"

"ஈரமா இருந்திச்சி. நாளிக்கி ஓணுமேன்னு காய வெச்சேன்."

"இது இன்னா கருவாடாடி?"

"எனுக்கு இன்னா தெரியும்? சொல்லிட்டுப் போனியா நீ?"

கல் ஏற்றினான். வெந்நீர் ஊற்றினான். மேலே ஏறிக்கூட நின்றான். மூலை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில், தார்ப்பாய் போர்த்திய காரின் பின்பக்கத்தை மட்டும் கொஞ்சம் விலக்கி, ராஜமாணிக்கம் தன் கையாலேயே மூடியை வைத்தான். நாலு விரல் இடைவெளி. வேடிக்கை பார்க்க வந்த திருவள்ளூர்க்காரர்கள் காதில் விழும்படி சொன்னான்:

"இத்த நம்பி எப்பிடிய்யா எறங்கறது? காத்து பூந்துச்சின்னா பிச்சிக்கினு போயிடும். என் மானத்த வாங்கிட்டியே கலியா!"

கூட்டம் கலியனைப் பார்த்து உச்சுக்கொட்டியது. காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். அவன் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

4

முப்பத்தெட்டு வருஷம் மறுபடி வலை. அவளை அடிக்கவில்லை, விரட்டவில்லை. இதைப் பாராட்டாக எழுதத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவள் எப்போதாவது "இன்னா வெயிலு" என்றால் போதும்.

"உனுக்கு வெயிலுன்னா உசுராச்சே" என்பான்.

பிறகு அவள் வெயிலைப் பற்றிப் பேசுவதையே விட்டாள். சித்திரை மாதத்தில்கூட.

மூடி கோழிக்கூண்டுக்குக் கூரையானது. அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

5

முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில், "கெடச்சிருக்கும்மா" என்கிறேன். அவள் தலையாட்டிவிட்டுப் பந்திக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாள். முப்பத்தெட்டு வருஷம் சுமந்தவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் பெரிதில்லை.

இன்னொன்றில் அவள் கேட்கவே இல்லை. நான் இரண்டாவது வடையும் வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாவதில், "கெடச்சிருக்காதும்மா" என்கிறேன். அவள், "ஏன்?" என்கிறாள். அதற்குமேல் எழுத என் கை ஓடவில்லை, ராஜமாணிக்கமும் உயிரோடில்லை. இந்த முடிவை எடுப்பவர்கள் நேரில் பழவேற்காடு போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியது ஒரு வரிதான்.

அந்தக் காருக்கு என்ஜின் வந்து சேரவே இல்லை.