லாமு வீட்டின் கடைசி அறை

பரராசசிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கைபேசியின் வீடியோ அழைப்பைப் பார்த்தார். தெரிந்தது சுவர்தான். வாசலுக்குள் நுழைந்தால் வீடு தெரியவேண்டும். இங்கே வழி ஒடிந்து திரும்பியது.

“நேர வாசல் வைக்கத் தெரியாத சனமே? ஒளிக்க ஏதோ இருக்கு.”

“தெருவில போறவைக்கு உள்வீடு தெரியக்கூடாதாம் அப்பா. லாமுவில பழைய வீடெல்லாம் இப்பிடித்தான்,” என்றாள் பக்கத்தில் இருந்த மகள் கிருசாந்தி.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் கட்டடக்கலை படித்தவள், கென்யாக் கரையில் அந்தத் துறைமுக ஊரின் பவளக்கல் வீடுகளைப் பழுதுபார்க்கப் போய்ச் சலீமைக் கண்டுபிடித்தாள். அவனைக் கட்டினால் அங்கேதான் வாழ்க்கை. ‘நீங்கள் ஓமெண்டாத்தான் போவன்’ என்று பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டின் கிணறு, அடுப்படி, கோடிப்புறம் பார்க்காமல் எந்த யாழ்ப்பாணத்தான் ஓம் சொல்வான்? பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய நாள்முதல் கண்ணால் காணாத எதையும் அவர் நம்பியதில்லை.

“உள்ளுக்குக் காட்டச் சொல்லு.”

“உள்ள பொம்பிளையள் இருக்கினம் அப்பா. வெளி ஆக்களை விடமாட்டினம்.”

“நான் வெளி ஆளெண்டால் நீ ஆர்?”

 அவள் அவர்கள் மொழியில் சலீமிடம் எதையோ கெஞ்சினாள். அங்கே உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. சலீமின் தாய் மரியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து மகனின் கைபேசியைத் தானே வாங்கினாள்.

ஒன்றின் பின் ஒன்றாக ஒடுங்கிய நீள அறைகள். சுவர் நிறையக் குடைந்த மாடங்கள், அவற்றில் பீங்கான் தட்டுகள்.

“வீடோ, ரயில்பெட்டியோ?”

“கூரைக்குக் கண்டல் மரம்தானே உத்தரம், அப்பா. அது எட்டுற அகலந்தான் அறை.”

போகப்போக இருட்டியது. கடைசியில் சாளரமில்லாத ஒரு சிறிய அறை.

“இதில ஆர் படுக்கிறது?”

கிருசாந்தி தயங்கினாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

“பிள்ளை பெறுறது இதுக்குள்ளதானாம், முந்தி. ஆரும் மோசம்போனால்... குளிப்பாட்டுறதும்.”

 மோசம்போன அவரது பெண்சாதி சுந்தரேஸ்வரியை இங்கே ஜெர்மனியில் கூலிக்கு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினார்கள். அரப்பும் எண்ணெயும் கொண்ட பையோடு தாழ்வாரத்தில் நின்றவரை, முடிந்தபிறகுதான் கூப்பிட்டார்கள். பெண்சாதிக்குக் கிடைக்காத அறை ஒன்று, கடலுக்கு அப்பால், மகளுக்காகக் காத்திருக்கிறது.

“அப்பா? என்ன சொல்லுறியள்?”

“குளிப்பாட்டுற தண்ணி எங்கால போகும்? கேள்.”

அவள் கேட்டாள். மரியம் கைபேசியைத் தரைக்குத் தாழ்த்தி, ஒரு செம்புத் தண்ணீரை மெல்லச் சரித்தாள். அது சுண்ணாம்புத் தரையில் கறுத்து ஓடி, சுவரோரக் குழியை நோக்கி நெளிந்தது. பரராசசிங்கத்தார் மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து அதன் பின்னாலேயே போனார்.