மொன்பாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஆஸ்பத்திரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் தேதி, நோயாளி இலக்கம், கோரிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. நாங்கள் குடியேறிய மில்லிக்கனில், முதியோர் இல்லச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்யும் லேக்கிக்காக எழுதியவை. அவள் இமயமலையில் தவாங் பக்கத்து மொன்பாப் பெண். அவளுடைய தாயாருக்குச் சர்க்கரை வியாதியில் கால்விரல் கறுத்துவிட்டது. வெட்டுவதா, மருந்து போட்டுப் பார்ப்பதா என்று தாயார்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது மொன்பா மொழி மட்டும். வீட்டார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. மொன்பா தெரிந்த ஒருவரைத் தாருங்கள் என்று கேட்டோம்.

பதில் வரவில்லை, படிவம் வந்தது. 'அறிந்த மொழிகள்' என்ற இடத்தில் மொன்பா என்று எழுதினேன். கீழே இன்னொரு கோடு வெறுமையாகக் கிடந்தது. அப்படி விட்டுவைக்க எனக்குக் கை வராது. லேக்கியைக் கேட்டேன். அம்மா திபெத்திய மொழியில் பிரார்த்தனை சொல்வார், பொருள் தெரியாது என்றாள். நாங்கள் கோயிலில் சமஸ்கிருதம் கேட்பது போலத்தான். 'திபெத்தியம், பிரார்த்தனைக்கு மட்டும்' என்று நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். லேக்கியை வெளியே இருத்திவிட்டு, தொலைபேசியில் ஒரு திபெத்திய மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பத்தே நிமிடத்தில் தாயார் வெளியே வந்தார். விரல் வெட்டச் சம்மதம், வியாழன் காலை ஏழு மணி என்று தாளில் இருந்தது.

லேக்கி தாயாரை விசாரித்துச் சொன்னாள். அது லாமாக்களின் மொழியாம். அதில் யாராவது பேசினால் தாயார் கைகூப்பித் தலையாட்டுவாராம், மறுத்துப் பழக்கமே இல்லையாம். விரலை வெட்டப் போகிறார்கள் என்று மகள் சொன்னதும் அவர் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி முன்மேசையில் இருந்தவள் சுபாங்கி, பக்கத்து அஜின்கோர்ட்டில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்கட கையெழுத்துத்தானே அங்கிள் உது?"

"பிரார்த்தனைக்கு மட்டும் எண்டும் போட்டிருக்கிறன், பிள்ளை."

"கொம்பியூட்டருக்குப் பிரார்த்தனை தெரியாது, அங்கிள்."

பட்டியலில் மொன்பாவே இல்லை, தேடத் தொடங்கினால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகும் என்றாள். ஆறு கிழமையில் விரலோடு காலும் போய்விடும். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வழி இருக்கு. ஆள் கிடைக்கேல்லை, மொன்பாக் கோரிக்கையைத் திருப்பி எடுக்கிறம் எண்டு எழுதித் தாங்கோ. கோரிக்கை திறந்திருக்கேக்க வீட்டாரை விட ஏலாது; அது இல்லாட்டி அவசரமெண்டு மகளை உள்ள விடலாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த மொழிக்கு ஓர் ஆள் கேட்டு மூன்று முறை எழுதியவன், இனி வேண்டாம் என்று எழுத வேண்டும். நாளைக்கு வேறொரு மொன்பாக்காரர் வந்தால், இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே என்பார்கள். இதை லேக்கிக்கும் விளக்கினேன். அவள் தாயாரின் காலைப் பார்த்துக்கொண்டே எழுதச் சொன்னாள்.

இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். லேக்கி உள்ளே போனாள். தாயார் பேசுவது கதவுக்கு வெளியே கேட்டது, நீளமாக, சண்டை பிடிப்பது போல. திங்கள்வரை மருந்து போட்டுப் பார்க்க வைத்தியர் ஒப்புக்கொண்டார்.

லேக்கி எனக்கு நன்றி சொன்னாள். நான் முன்மேசைப் பக்கம் பார்த்தேன். சுபாங்கி என் கடிதத்தைக் கோப்பில் வைத்து, கோரிக்கை முடிந்தது என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.