மடித்தவளே குதிக்க வேண்டும்

லாரியிலிருந்து இறங்கிய நான்கு அட்டைப்பெட்டிகளையும் கேட் பக்கத்து மேசைமேல் வைத்துப் பிரித்து, உள்ளே இருந்த பாதுகாப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள் பட்டாளத்தக்கா. பெட்டிக்குப் பத்து, மொத்தம் நாற்பது. வரவுப் புத்தகத்தில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அவளுக்கு முன்னிருந்த காவலாளி பெட்டியைப் பிரிக்காமலேயே போடுவாராம். இவள் கை சும்மா இருக்குமா? பட்டையும் வளையமும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்த கை, அங்கேயே நின்றுவிட்டது.

முன்னும் பின்னுமாக நெருக்கி நாலைந்து முறை ஓடியிருக்க வேண்டிய தையல், அங்கே ஒற்றை வரிசையில் ஓடியிருந்தது. நூலும் சட்டை தைக்கிற நூல். நாற்பதையும் ஒன்று விடாமல் பார்த்தாள். நாற்பதும் ஒரே லட்சணம். நாளைக் காலை பதினேழாவது மாடிக்கு வெளியே சாரத்தில் நின்று பூசப் போகிறவர்கள் இதைத்தான் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

அவளைப் பட்டாளத்தக்கா என்று கூப்பிடுகிறவர்கள் யாருக்கும் பட்டாளத்தில் அவள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரியாது. துப்பாக்கியோடு நின்றிருப்பாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். வேலைக்கு எடுத்த கட்டுமானக் கம்பெனியும் அப்படித்தான். "ராணுவமா? அப்ப கேட்" என்று இரண்டு வார்த்தையில் அவளுடைய பன்னிரண்டு வருஷத்தையும் முடித்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் மடித்தது பாராசூட்.

டிரைவர் பிரிவைக் கேட்டுப் போனவள் அவள். துணி மடிக்கும் பிரிவு என்று பட்டியலில் பெயர் வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டினாள். நீள மேசை, நூல் சிக்காத தரை, ஒவ்வொரு மடிப்புக்கும் மேலே வைக்கும் எடைப் பைகள். கயிறுகளை எண்ணி, நேராக்கி, மடித்து, கடைசியில் பையின் சிறு உறைக்குள் தன் பெயர் எழுதிய அட்டையைச் செருக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அதிகாரி அலமாரி முன்னால் வந்து ஏதாவது ஒரு பையைத் தொடுவார். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அன்று அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். மடித்தவளே குதிக்க வேண்டும் என்ற அந்த வழக்கம் புரிந்த நாளில் அவளுக்கு வேலை பிடித்துப்போயிற்று. முப்பத்தொரு முறை அவள் பையைத் தொட்டார்கள். முப்பத்தொரு முறையும் சிரித்துக்கொண்டே குதித்தாள். அவள் மடித்து விரியாத பாராசூட் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் கேட்டில் நிற்கிற நேரத்திலும் அவள் முதுகு தானாக நிமிரும்.

கையெழுத்துக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் சலித்துக்கொள்ள, இன்ஜினியரே இறங்கி வந்தார். இளம் வயது, நல்ல மனிதர்தான். மேலிடத்துக்கு மட்டும் நடுங்குவார். கட்டடச் சொந்தக்காரர்கள் பார்வையிட வரும் நாள் என்பதால் காலையிலிருந்தே காலில் வெந்நீர் கொட்டினாற்போல் ஓடிக்கொண்டிருந்தார். அவள் தையலைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கா, அதை மட்டும் பாருங்கக்கா. மத்ததுக்கெல்லாம் ஆள் இருக்கு."

"நான் கையெழுத்துப் போட்டா, அதை நானே மாட்டிக்கிட்டுத் தொங்கத் தயார்னு அர்த்தம் சார். எனக்கு அப்படித்தான் பழக்கம்."

பத்து நாளில் அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதை அவர் நாசூக்காக நினைவுபடுத்தினார். அதை அவள் மறந்திருந்தால்தானே! முதுகெலும்புத் தட்டு விலகி நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கும் கணவன், அவள் சம்பளத்தில் நடக்கும் வீடு, எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போயிற்று. பேனாவை எடுத்தாள். மூடியைக்கூடத் திறந்தாள். பிறகு புத்தகத்தை மூடி அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு, மேலாக இருந்த பட்டையை எடுத்துத் தோளில் மாட்டத் தொடங்கினாள்.

மணல் குவியலுக்கு மேலே சிமெண்ட் மூட்டை ஏற்றும் கப்பி தொங்கியது. அதன் கொக்கியைத் தன் முதுகு வளையத்தில் மாட்டச் சொல்லிச் சாரம் கட்டும் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார். ஒரு முழம் தூக்கினால் போதும், விழுந்தாலும் மணலில்தானே என்றாள். மேஸ்திரியும் இரண்டு பேரும் கயிற்றை இழுத்தார்கள். கால் தரையை விட்டு எழும்பியதும், கால் தடுக்கியவன் விழுகிற மாதிரி உடம்பை ஒரே உதறாக உதறினாள். சடசடவென்று நூல் பிரிந்தது. முழங்கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் உருண்டு, மணலைத் தட்டிக்கொண்டு அவள் எழுந்தபோது, பிய்ந்த வளையம் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். இன்ஜினியருக்குப் பின்னால், அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய சொந்தக்காரர்கள் மூன்று பேரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள்.

மேஸ்திரி அந்த வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுப் பட்டை வருகிற வரைக்கும் தன் ஆட்கள் ஒருவரும் ஏற மாட்டார்கள் என்று சத்தம் போடாமல் சொன்னார். பிறகு அவளிடம் வந்து, இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டார்; பட்டாளத்தில் பாராசூட் மடித்ததையும், மடித்தவளே குதித்ததையும் சொன்னாள்.

"அந்த மடிக்கிற வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சாக்கா?"

"சேர்ந்தப்போ அழுதேன். அதை விட்டு வர்றப்போ அதைவிட அழுதேன்."

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கட்டடச் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததாகவும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் ஒரு பெண்குரல் மரியாதையாகவே சொன்னது. வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். உருண்டு எழுந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடியே சிரித்தான்.

"நீ செஞ்சதுதான் சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, தன் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டான்.

ஆறாம் நாள் சீருடையைத் துவைத்து, தேய்த்து, மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து ஒப்படைக்கப் போனாள். கேட்டில் புதுக் காவலாளி நின்றிருந்தான். சீருடையை வாங்கிக்கொண்டான். புதுப் பட்டைகள் வந்துவிட்டனவா என்று கேட்டதற்கு, வந்து மூன்று நாளாயிற்று, வேலை மும்முரமாக நடக்கிறது என்றான். ஒரே ஒரு பட்டையின் தையலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள்.

"வெளியாளை உள்ள விட்டா என் வேலை போயிடுங்க."

அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தெருவின் எதிர்ப் பக்கத்துக்குப் போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். பதினேழாவது மாடிச் சாரத்தில் ஒருவன் பட்டையில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் நிதானமாகப் பூசிக்கொண்டிருந்தான். பட்டை தாங்கியது. இன்னொருவனும் சாய்ந்தான். அதுவும் தாங்கியது. நெஞ்சு நிறைந்தவளாய், இன்னும் சரியாகத் தெரியட்டும் என்று தெருவில் இரண்டடி இறங்கி நின்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைய ஒரு லாரி வந்தது. புதுக் காவலாளி விசிலை ஊதி, கையை ஆட்டி, அவளை ஓரமாகப் போகச் சொன்னான்.